கன்னியாகுமரியில் எடுத்த படம்

அறுபதுகளின் கடைசியில் ஒன்றரை வருடம் தாம்பரத்தில் ஒரு போட்டோ கடைக்கு ஏஜென்டாக இருந்தேன். கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. வீடு வீடாகப் போய் பழைய சின்னப் படங்களை வாங்கி வர வேண்டும். கடையில் அவற்றைப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, பிரேம் போட்டுத் தருவார்கள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு முன் லாரி கிளீனர். அதற்கு முன் பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தோல் அலசும் வேலை. அதற்கு முன் எட்டாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. எந்த வேலையிலும் நான் இரண்டு வருடம் தங்கியதில்லை. யாரும் துரத்தியதில்லை, நானாகக் கிளம்பிவிடுவேன். போட்டோ வேலையிலிருந்து மட்டும் ஓடினேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆண்கள் ஆபீசுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு மேல் தெருவில் இறங்குவேன். என் பையில் மாதிரிக்கு இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று உள்ளங்கை அளவில் மங்கிப்போன பழைய படம். இன்னொன்று அதே ஆள், சுவர்க் காலண்டர் அளவில், சிவந்த கன்னங்களோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினால் போதும். பெண்கள் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வருவார்கள்.

அந்த டப்பாக்களுக்குள் தாம்பரத்தையும் சேலையூரையும் குரோம்பேட்டையையும் நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்மஸுக்குக் குடில் முன்னால் முழங்காலிட்ட பிள்ளைகள். சர்ச் அறுப்பின் பண்டிகையில் காணிக்கை ஏலத்துக்கு வைத்த பூசணிக்காயோடு நிற்கும் பெரியவர். ரம்ஜானுக்குப் புதுத் தொப்பி போட்டு வரிசையாக நின்ற அண்ணன் தம்பிகள். மகாபலிபுரம், ஊட்டி, மெரினா. ஒரே கைக்கடிகாரம் மூன்று படங்களில் மூன்று பேர் கையில் இருப்பதைக் கண்டுபிடிப்பேன். கடற்கரைப் படங்களில் ஒருவரும் கடலைப் பார்ப்பதில்லை. அத்தனை தூரம் பஸ்ஸில் போய், கடலுக்கு முதுகைக் காட்டி விறைப்பாக நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் போட்டோ கிடையாது. நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அவருக்குக் கன்னத்தில் ஒரு மரு இருந்தது. வலது கன்னமா இடது கன்னமா என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டபோது அம்மாவும் சட்டென்று சொல்லவில்லை. ஒரு படத்தின் அருமை மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கடையில் வேலை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாலு பேர் நிற்கும் படத்தில் ஒருவரை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னால், அந்த ஒருவரைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் பூசுவார்கள். வாடிக்கையாளர் கொடுத்த அதே படத்தின் மேல்தான் பூசுவார்கள். பிறகு அதைக் காமிராவில் பிடித்துப் பெரிதாக்குவார்கள். வழவழப்பான காகிதமாக இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்ததும் பெயின்ட் வந்துவிடும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. சொரசொரப்பான பழைய காகிதமாக இருந்தால் பெயின்ட் உள்ளே இறங்கிவிடும், வராது. அந்த மாதிரிப் படங்களுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் பூசலாம். அதற்குக் கூடுதலாக ஒரு நாள் ஆகும், முதலாளியிடம் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வெள்ளையடித்த படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தொடச்சா போயிடும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்போம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கண் பார்வை குறைந்துபோனவர். ஒரே மகள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். மூன்று வாரத்தில் அவளுக்குக் கல்யாணம். கல்யாண வேலைகளைப் பார்க்கத் தகப்பனாரின் தங்கை வந்து தங்கியிருந்தார். மகளின் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஜெபம் நடக்கும், அப்போது மணமகள் முழங்காலிடும் இடத்தில் அம்மாவின் படம் இருக்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை.

மகள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு படம். ரயில்வே பாஸில் கன்னியாகுமரிக்குப் போனபோது, கடற்கரையில் திரியும் போட்டோக்காரர் எடுத்தது. மற்ற கடற்கரைப் படங்கள் போல அது இல்லை. போட்டோக்காரர் சரியாக நிறுத்தி வைப்பதற்குள் அலை வந்துவிட்டது போலிருக்கிறது. தகப்பனார் இரண்டு கையிலும் ஷூக்களைத் தூக்கிப் பிடித்திருந்தார். அம்மா ஒரு கையால் புடவையை முழங்கால்வரை தூக்கி, மறு கையால் ஏழு வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. மகள் காமிராவைப் பார்க்காமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலை வந்ததும் அம்மா கத்தினாங்க" என்றாள் மகள். "அது ஞாபகம் இருக்கு. வேற எதுலயும் அவங்க குரல் ஞாபகம் இல்ல. இந்தப் படத்தப் பாத்தா மட்டும் கேக்கும்."

அத்தை படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். "எங்க அண்ணி எப்பவும் இப்படித்தான். அதுக்காகப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கிற படத்தையா கல்யாண வீட்ல வெப்பாங்க? பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ற எடம் தம்பி. வாய மூட முடியுமா?"

"மூடிடலாம்மா."

"கால் தெரியுதே."

"மார்பளவுதான் வரும். கால் வராது."

"அப்ப தோள நல்லா மூடிடுங்க. கழுத்துல ஒரு செயின் போடுங்க. எங்க அண்ணன் போட்ட ரெட்டவடம். கடல்ல விழுந்துடும்னு அன்னிக்குக் கழட்டிப் பெட்டியில வெச்சிட்டாங்க."

கட்டிலில் படுத்திருந்த தகப்பனார், "பெட்டியில எங்க இருந்துச்சு? சேட்டு கடையில இருந்துச்சு" என்றார்.

"நீ சும்மா இரு அண்ணே. தம்பி, நீங்க செயின் போடுங்க."

நான் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டருகே மகள் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். பெரிய படம் அத்தைக்கு. அவங்க சொன்ன மாதிரியே பண்ணிடுங்க. வாய மூடுங்க, செயின் போடுங்க, கிரீடம் வேணும்னாலும் வெய்ங்க. சின்னப் படம் எனக்கு. அது அப்படியே திரும்பி வந்துடணும். அம்மா கூட நான் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"அப்படியே வரும் டீச்சர்."

"குண்டூசி கூட குத்தக் கூடாது."

"குத்த மாட்டோம்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்" என்றேன். என் விரல்களுக்குக் கீழே காகிதம் சொரசொரப்பாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அதைக் கவனித்தேன்.

நேராகக் கடைக்குப் போனேன். வண்ணம் தீட்டுகிறவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்வார். நான் போன நேரம் அவர் சாப்பிடப் போயிருந்தார். முதலாளி ஒரு கல்யாணத்தில் படம் எடுக்கப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். சாயங்காலம்வரை காத்திருந்து, இதற்கு நகல் எடுத்துவிட்டுப் பூசுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாலு மணிக்கு ஒரு லாரி பெங்களூருக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளீனராக இருந்தபோது பழக்கமான டிரைவர், "வாடா, சும்மா ஊரப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டிருந்தான். நான் பெங்களூரைப் பார்த்ததில்லை. வேலைக்காக இல்லாமல் ஊர் பார்ப்பதற்காக எங்கேயும் போனதில்லை. டப்பா டப்பாவாக மற்றவர்களின் டூரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ஆசை வந்திருந்தது. படத்தையும் சீட்டையும் பாயின் மேஜையில் வைத்தேன். சீட்டில் "அம்மா மட்டும், மார்பளவு, வாய் மூட வேண்டும், ரெட்டை வடச் செயின்" என்று எழுதியிருந்தேன். அதன் கீழேயே, நகல் எடுக்கச் சொல்லி இன்னொரு வரி எழுத இடம் இருந்தது. அதை எழுதினால் பாய் சந்தேகம் கேட்க ஆள் வேண்டும், நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதாமல் கிளம்பிவிட்டேன்.

பெங்களூரில் நாலு நாள் நன்றாக இருந்தேன். லாரி ஷெட்டில் தூங்கினோம். பெரிய தோட்டத்துக்குப் போய்ப் பூக்களைப் பார்த்தோம். மழையில் நனைந்தபடி நின்று வேர்க்கடலை தின்றோம். அந்தப் படம் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. வந்து உறுத்தியது என்று எழுதினால் பொய்.

திரும்பி வந்தபோது பெரிய படம் தயாராக இருந்தது. பாய் நல்ல கைக்காரர். மூடிய உதடுகள், பளபளக்கும் செயின், காதுக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்ட முடி. எந்த வீட்டுச் சுவரிலும் மாட்டக்கூடிய ஒரு அம்மா. சின்னப் படம் மேஜை ஓரத்தில் கிடந்தது. அதில் அம்மாவின் தலையும் தோளும் மட்டும் இருந்தன. மற்றதெல்லாம் வெள்ளை. கடலும் வெள்ளை, தகப்பனாரும் வெள்ளை. மகள் நின்ற இடத்தில் தடிமனாகப் பூசியிருந்தது, ஏனென்றால் அவள் தலை அம்மாவின் தோளோடு ஒட்டியிருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனேன். பாய் பின்னாலேயே வந்தார்.

"வாணாம் நைனா. உள்ள எறங்கிடுச்சி. தொட்டா மூஞ்சியும் சேந்து வந்துடும்."

"கொஞ்சமா ஈரம் வெச்சி ஒத்தி எடுக்கிறேன் பாய்."

"சொன்னா கேளு. இது ஊறுற பேப்பரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நான் பிரஷ்ஷே வெச்சிருக்க மாட்டனே. அத சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். தகப்பனாரின் ஷூக்கள் தெரிந்தன. கொஞ்சம் தைரியம் வந்தது. அம்மாவின் கை தெரிந்தது, அது பிடித்திருந்த சின்ன மணிக்கட்டு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனேன். காகிதம் உப்பியது. காய்ச்சிய பாலில் ஏடு விலகுவது போல மேல்தோல் நகர்ந்தது. கையை எடுக்காமல் இன்னொரு முறை ஒற்றினேன். பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மகளின் ரிப்பன், நெற்றி, அம்மாவைப் பார்த்த கண்கள் எல்லாம் பஞ்சுக்கு வந்துவிட்டன. படத்தில் அந்த இடத்தில் காகித நார் தெரிந்தது. அம்மா, முகம் இல்லாத ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பெயின்ட்டோடு அப்படியே கொடுத்திருந்தாலாவது, வேறு யாராவது விவரம் தெரிந்தவர் காப்பாற்றியிருக்கலாம். அந்த வழியையும் நான்தான் அடைத்தேன்.

பாய் என் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். "போய் உண்மைய சொல்லு. திட்டுவாங்க, வாங்கிக்கோ" என்றார். பிறகு அவராகவே படத்தைக் காயவைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. பெரிய படத்தைப் பிரித்ததும் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணியேதான். எவ்ளோ லட்சணம்." தகப்பனார் அருகில் வாங்கி மூக்கில் இடிக்கும் அளவுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இது?"

"அண்ணிதான், வேற யாரு?"

"ஓகோ. நல்லாத்தான் இருக்கா. என்மேல கோவமா இருக்கா போல."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள்.

"சின்னது?"

பையில்தான் இருந்தது. நூல் முடிச்சு என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

"கடையில இருக்கு டீச்சர். அவசரத்துல விட்டுட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை கொண்டாந்து தந்துடறேன்."

"கண்டிப்பா? புதன்கிழமை நாங்க திருச்சிக்குக் கெளம்பிடுவோம்."

"திங்கக்கிழமை கண்டிப்பா."

அவள் உள்ளே போய் ஒரு தட்டில் அச்சு முறுக்கும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

திங்கள்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் கடைக்கு வந்து விசாரித்தபோது, நான் உள்ளே இருட்டறையில் நின்றிருந்தேன். "ஆளு இல்லீங்க" என்று பாய் எனக்காகப் பொய் சொன்னார். வந்தவர் போன பிறகு பாய் என்னோடு பேசவில்லை. அன்றைக்கே இந்த வேலை போதும் என்று முடிவு செய்தேன். புதன்கிழமை என் இரண்டு சட்டைகளையும் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். பீச் வரை மின்சார ரயில், அங்கிருந்து எங்கேயாவது. பொட்டலத்தை வழியில் எங்காவது போட்டுவிடலாம் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

திருச்சி போகும் பகல் வண்டி நின்றுகொண்டிருந்தது. புதன்கிழமை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"போட்டோ அண்ணா!"

ஜன்னலோரம் புதுப் புடவையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர், மடியில் கூஜா. பிளாட்பாரத்தில் அத்தை கண்ணீரும் கூடையுமாக, ஊறுகாய் ஜாடியை எங்கே வைப்பது என்று யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தகப்பனார் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். நான் நழுவியிருக்கலாம், ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"என்னண்ணா, உங்க கடையில திங்கக்கிழமை எப்ப வரும்?" என்றாள்.

கணவர் சிரித்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். "உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்க சார்."

"அம்மா சிரிக்கிறதக் காட்டறேன்னு இவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன். அந்தப் பெரிய படத்தப் பாத்துட்டு இவர் பயந்து போயிருக்கார்."

"மாமியார் முறைச்சிக்கிட்டே ஆசீர்வாதம் பண்ணாங்க" என்றார் கணவர்.

"கொண்டுவந்திருக்கேன் டீச்சர்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்கே தேடிக் கொண்டுவந்தவன் போல ஆகிவிட்டது.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நான் பைக்குள் கைவிட்டேன். பொட்டலம் உடனே விரலில் பட்டது. ஆனாலும் தேடினேன். சட்டையை எடுத்து வெளியே வைத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். இப்போது கொடுத்தால் இப்போதே பிரிப்பாள். "இங்கதான் வெச்சேன்" என்று முனகினேன். "பதறாதீங்க தம்பி, டைம் இருக்கு" என்றார் தகப்பனார். கார்டு விசில் அடித்தார். அப்போதும் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு முறை குலுங்கி நகர ஆரம்பித்ததும்தான் பொட்டலத்தை எடுத்து, கூடவே நாலு எட்டு நடந்து, அவள் கையில் வைத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. நீங்க ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சிட்டேன். தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிடுங்க."

பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பாவுக்கும் அத்தைக்கும் கையாட்டினாள். எனக்கும் ஆட்டினாள். தகப்பனார் என் தோளைத் தேடிப் பிடித்துத் தட்டினார். "சொன்னபடி கொண்டாந்துட்டியேப்பா" என்றார். அத்தை ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நான் படியேறி மறுபக்கம் இறங்கி, பீச் ரயிலில் ஏறினேன்.

எழுபதுகளில் எத்தனையோ வேலைகளுக்காக அந்தத் தெற்குப் பாதையில் போய் வந்திருக்கிறேன். மண்டபம் கடற்கரையில் மீன் கூடை தூக்கினேன், விழுப்புரத்தில் ஓட்டலில் மாவாட்டினேன். ஒவ்வொரு முறையும் தாம்பரம் தாண்டியதும் ஒரே கணக்குத்தான் போடுவேன். எங்கே பிரித்திருப்பாள்? செங்கல்பட்டு ஏரி வரும்வரை பொறுத்திருப்பாளா, கூடுவாஞ்சேரியிலேயே பிரித்திருப்பாளா? கண்ணுக்கு மறையும்வரை கையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் உடனே நூலை அவிழ்த்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் பெருங்களத்தூர்கூட வந்திருக்காது. "இதோ பாருங்க, இதுதான் நான்" என்று அவர் பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பாள்.